பாறணைக்கு ஒரு கரண்டி

கேதீஸ்வரன் தன்ரை ஐம்பத்தாறு வயசிலை குசினிக்குள்ளை போனதெல்லாம் தண்ணி குடிக்கவும், கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லவும், காஸ் சிலிண்டர் மாத்தவும்தான். தேத்தண்ணிகூட ஆரும் ஊத்திக் குடுத்தால்தான் குடிப்பார். அப்பிடிப்பட்ட மனுசன் சஷ்டி ஆறாம் நாள் மத்தியானம், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, இதரை வாழைப்பழத்தைச் சில்லுச் சில்லாய் வெட்டிக்கொண்டு நிண்டார் எண்டால் அதுக்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேணும். இணுவில் சனம் கண்டிருந்தால் ஒரு மாசத்துக்கு வைச்சுச் சிரிச்சிருக்கும்.

காரணம் அவரின்ரை மனுசி உதயகலா.

போன தை மாசம், மினிபஸ் ஓட்டிக்கொண்டு வரேக்கை மருதனார்மடச் சந்தியிலை வாகனத்தை ஓரங்கட்டி, கொண்டக்டர் ஜெரோசனிட்டை நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது எண்டு சொல்லிப்போட்டு ஸ்ரியறிங்கிலை சாய்ஞ்சவர் கேதீஸ்வரன். ஜெரோசன்தான் ஓட்டோ பிடிச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினவன். அங்கை வெளி வாங்கிலை இருந்துகொண்டு உதயகலா முருகனோடை ஒரு கதை கதைச்சா. இந்த மனுசனைத் திருப்பித் தா, வாற சஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியோடையும் இளநீரோடையும் மட்டும் இருக்கிறன், இதுதான் கதை. முருகன் தந்திட்டார். டொக்டர்மாரும் கொஞ்சம் உதவி செய்தவைதான், இல்லையெண்டு சொல்லேலாது.

மற்ற வரியங்களிலை அவ பின்னேரத்திலை பாலும் பழமும் எடுப்பா. இந்த முறை காப்புக் கட்டின நாளிலையிருந்து தண்ணி, பொழுதுபட ஒரு இளநீர், அவ்வளவுதான். கேதீஸ்வரன் சாமி நம்பாத ஆளில்லை. ஆனால் கோயில் எண்டால் வெளிவீதியிலை நிண்டு கச்சான் சாப்பிடுற ஆள். தன்ரை உயிருக்காக ஒருத்தி வயித்தைக் காயப்போட்டுக்கொண்டு கிடக்க, தான் சந்திக் கடையிலை போய்த் தோசை சாப்பிடுறது மனுசனுக்குச் சரியான கூச்சமாய் இருந்தது. தோசை தொண்டைக்குள்ளை இறங்கேல்லை எண்டு சொன்னால் அது பச்சைப் பொய். இறங்கினது, நாலு தோசை இறங்கினது. இறங்கின பிறகுதான் குத்தினது.

விரதகாரர் செய்யிற ஒரு வேலை இருக்குது, நீங்களும் கண்டிருப்பியள். பசியிலை கிடக்கேக்கைதான் போனிலை சமையல் வீடியோவாய்ப் பாப்பினம். உதயகலாவும் மூண்டாம் நாள் பின்னேரம் பாயிலை சரிஞ்சு கிடந்து பாத்துக்கொண்டிருந்தா. கொத்து ரொட்டி வந்தது, தள்ளினா. கேக் வந்தது, தள்ளினா. பேந்து ஒரு கண்ணாடித் தட்டத்திலை பிஸ்கற் ஒரு அடுக்கு, வாழைப்பழம் ஒரு அடுக்கு, வெள்ளைக் கிறீம் ஒரு அடுக்கெண்டு ஒரு புடிங் வந்தது. அடுப்பே மூட்டாமல் செய்யிறது. அதிலை விரல் நிண்டிட்டுது.

"உதை ஒரு கரண்டி பாறணைக்குச் சாப்பிட்டால் காணும்," எண்டா. ஆருக்கும் சொல்லேல்லை, போனுக்குத்தான் சொன்னா.

கதிரையிலை இருந்த கேதீஸ்வரனுக்குக் கேட்டுப் போச்சுது. இருபத்தேழு வரியக் கலியாணத்திலை உதயகலா தனக்கெண்டு ஒரு தீன் கேட்டதை அவர் கண்டதில்லை. எல்லாரும் திண்டு முடிய சட்டியிலை ஒட்டிக்கிடக்கிறதை வழிச்சுத் தின்னுற மனுசி. அந்த ஒரு கரண்டியை, விரதம் முடிக்கிற பாறணை அண்டைக்கு அவவின்ரை வாய்க்கு முதல் போற சாப்பாட்டை, தன்ரை கையாலை செய்து குடுக்கிறதெண்டு அவர் அந்த இடத்திலையே முடிவெடுத்திட்டார். அடுப்பு மூட்டத் தேவையில்லை எண்டது இன்னும் வசதி. தாளிச்ச மணம் போய் விரதகாரியின்ரை மூக்கிலை அடிக்காது.

அவவுக்குச் சொன்னது, பாறணைக்கு நான் ஒண்டு செய்யிறன் எண்டு மட்டும்தான். அவ நம்பினதாய்த் தெரியேல்லை.

அஞ்சாம் நாள் சாமான் வாங்கப் போனார். விரதத்துக்கு முட்டை ஆகாது, அது அவருக்குத் தெரியும். அதாலை கடைக்காரப் பெட்டையை அவர் கேட்ட கேள்வி ஒண்டேயொண்டு. மாரி பிஸ்கற்றைத் தூக்கிக் காட்டி இதிலை முட்டை இருக்கோ எண்டு கேட்டார். கிறீம் பைக்கற்றிலை முட்டை இருக்கோ? ரின்பாலிலை முட்டை இருக்கோ? ரின்பாலிலை முட்டை எப்பிடி ஐயா எண்டு அந்தப் பிள்ளை சிரிச்சது. சரி, இந்த மாரி காலத்திலை கறண்ட் எப்ப போகும் எப்ப வரும் எண்டு தெரியாது, புடிங் இறுகாட்டி என்ன செய்யிறது, இறுக என்ன போடுறவை எண்டு கேட்டார். பிள்ளை ஒரு சின்னப் பெட்டி ஜெலற்றின் எடுத்துத் தந்தது. இதிலை முட்டை? இல்லை ஐயா. கேட்ட கேள்விக்குச் சரியான மறுமொழி. அந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை.

ஆறாம் நாள் உதயகலா பக்கத்து வீட்டுப் பெண்டுகளோடை சூரன் போர் பாக்கக் கோயிலுக்குப் போகவிட்டு, மனுசன் வேலையைத் தொடங்கினார். வீட்டிலை மச்சச் சட்டி வேறை, சைவச் சட்டி வேறை. எது எது எண்டு அவருக்கு எங்கை தெரியும்? அதாலை மகள் தனுசியாவின்ரை சாமத்திய வீட்டுக்குப் பரிசாய் வந்த, இன்னும் ஒருக்காலும் பாவிக்காத கண்ணாடித் தட்டத்தை அலுமாரிக்கு மேலையிருந்து இறக்கினார். தன்ரை புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். பிஸ்கற்றை அடுக்கினார். பழத்தைப் பரப்பினார். கிறீமையும் ரின்பாலையும் அடிச்சார், பாதி சுவரிலை தெறிச்சது. கேத்தில் தண்ணியிலை ஜெலற்றினைக் கரைச்சு ஊத்தினார். பிறிஜ்ஜைக் காப்புக்கு முதல் நாளே உதயகலா மஞ்சள் தண்ணியாலை துடைச்சு வைச்சிருந்தா. மேல்தட்டிலை அலுங்காமல் குலுங்காமல் வைச்சு மூடிப்போட்டு, ஒவ்வொரு கால்மணித்தியாலமும் கதவைத் திறந்து பாத்தார். இறுகுது! தட்டத்தை ஆட்டினால் புடிங்கும் கொஞ்சம் ஆடி நிக்குது. பிள்ளை பிறந்த அண்டைக்குக்கூட மனுசன் உப்பிடிச் சிரிக்கேல்லை.

அஞ்சரை போலை தனுசியா போன் எடுத்தாள். பேராதனைக் கம்பஸிலை விவசாயம் படிக்கிற பிள்ளை. அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு கேக்கத்தான் எடுத்தவள். இவருக்கோ பெருமை தாங்கேலாமல், போனைப் பிறிஜ்ஜுக்குள்ளை நீட்டித் தட்டத்தைக் காட்டினார். முட்டை இல்லை, எல்லாம் விசாரிச்சுத்தான் வாங்கினது எண்டும் சொன்னார். அவளுக்குச் சந்தோசம் பொங்கிச்சுது. வடிவாய் இறுகியிருக்கு அப்பா, என்ன போட்டனீங்கள் எண்டு கேட்டாள். சொன்னார்.

அவளின்ரை சிரிப்பு நிண்டிட்டுது.

"அப்பா," எண்டாள் பிள்ளை, மெல்லமாய். "ஜெலற்றின் மாட்டுத் தோலிலையும் எலும்பிலையும் எடுக்கிறது. அந்தப் பெட்டியிலை எழுதியிருக்கும், பாருங்கோ."

பெட்டியைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாத்தார். இங்கிலீசிலை பொடி எழுத்திலை எழுதித்தான் இருந்தது. மாடு எண்டதுக்கு இங்கிலீஸ் அவருக்குத் தெரியும். வெண்ணெய் திரண்டு வரேக்கை தாழி உடையிறதெண்டு சொல்லுறது உதைத்தான். இஞ்சை தாழி உடையவும் இல்லை, வெண்ணெய் கண்ணுக்கு முன்னாலை திரண்டுபோய் வடிவாய் நிக்குது. அதுதான் இன்னும் கொடுமை.

அம்மாவுக்கு மூச்சு விடாதை எண்டு மகளிட்டைச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனை வைச்சார். வைச்சுப்போட்டுப் பிறிஜ்ஜுக்கு முன்னாலை ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். நெஞ்சு அடிச்சது. இது வருத்த அடியில்லை, பயத்து அடி.

ஒரு மனம் சொன்னது, பேசாமல் குடு. ஆருக்குத் தெரியப்போகுது? தனுசியா வாய் திறவாள். உதயகலா ஒரு கரண்டி சாப்பிடுவா, நல்லாயிருக்கு எண்டு சொல்லுவா, ஆசைப்பட்டது கிடைச்ச மாதிரியும் போச்சு, நீ செய்து குடுத்த மாதிரியும் போச்சு. மற்ற மனம் சொன்னது, டேய், அவள் ஆறு நாள் கிடந்தது ஆருக்கு? உன்ரை உயிருக்கு. அந்த விரதத்தை முடிக்கிற வாயிலை மாட்டெலும்பை வைக்கப்போறியோ? நாளைக்குத் தற்செயலாய்த் தெரிய வந்தால், உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் தன்னாலைதான் எண்டு அந்தச் சீவன் செத்துப்போகுமே.

ரெண்டாவது மனம்தான் வெண்டது. வெண்டது எண்டாலும் மனுசனுக்குக் கண் கலங்கினது உண்மை. அவ்வளவு வடிவாய் இறுகியிருந்தது.

தட்டத்தோடை தூக்கிக்கொண்டு ஜெரோசன் வீட்டுக்குப் போனார். வேதக்கார வீடு, மாடு விலக்கில்லை, மூண்டு பிள்ளையள். கேதீசண்ணை புடிங் செய்தவரோ எண்டு ஜெரோசன் வாயைப் பிளந்தான். பிள்ளையள் வாயைப் பிளக்க நேரமில்லை, கரண்டி எடுக்க ஓடிட்டுதுகள். தட்டத்தை நீயே வைச்சிரு எண்டு சொல்லிப்போட்டு, வீட்டை வந்து பிறிஜ்ஜை மேலையிருந்து கீழை வரைக்கும் திரும்ப மஞ்சள் தண்ணியாலை துடைச்சார். பிறகு மிச்சத்தைப் பாத்தார். பைக்கற்றிலை பத்துப் பதினொரு பிஸ்கற், அரை ரின் பால், குலையிலை அஞ்சாறு பழம். கிறீம் ஒரு சொட்டும் இல்லை. அதோடை மழையும் பிடிச்சுக்கொண்டுது.

ஏழு மணி போலை உதயகலா நனைஞ்சுபோய் வந்தா. கண் உள்ளுக்குப் போய், கன்னம் ஒட்டி, காத்தடிச்சால் விழுந்திடுவா போலை. வந்ததும் வராததுமாய் அவ செய்த முதல் வேலை, தலையைத் துடைக்கிறதில்லை. அலுமாரியைத் திறந்து அவரின்ரை ரெண்டு நிறக் குளிசையை எடுத்துத் தண்ணியோடை நீட்டினதுதான். தை மாசத்திலையிருந்து ஒரு நாள் தவறினதில்லை. அவர் விழுங்கி முடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டா. அண்டைக்குக் கொஞ்சம் கூட நேரம் பாத்தா. அதைக் கேதீஸ்வரன் கவனிச்சாரே தவிர, ஏனெண்டு விளங்கேல்லை.

மேசையிலை ரெண்டு அர்ச்சனைத் தட்டு இருந்தது. ஒவ்வொரு வரியமும் ஒண்டுதான் வரும். கேதீஸ்வரன், பூராட நட்சத்திரம். இதென்ன ரெண்டு எண்டு கேட்டார்.

ஒண்டு உங்கடை பேருக்கு, மற்றது என்ரை பேருக்கு எண்டா.

அவ தன்ரை பேருக்கு அர்ச்சனை செய்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. உடம்பு ஏலாமல் வந்திட்டுதோ எண்டு பயந்துபோனார். ஒண்டுமில்லை எண்டுபோட்டு அவ படுக்கப் போனா. போற வழியிலை திரும்பி, என்னவோ செய்யிறன் எண்டு சொன்னியள், செய்தாச்சோ எண்டு கேட்டா. செய்யிறன், செய்யிறன் எண்டு மனுசன் யன்னலைப் பாத்துச் சொன்னார். 

விடிய நாலரைக்கு உதயகலா முழுகிப்போட்டுப் பாறணைப் பூசைக்குப் போன கையோடை, கேதீஸ்வரன் குசினிக்குள்ளை புகுந்தார். கிறீமுக்கு எங்கை போறது? மேசையிலை பாத்தார். ரெண்டு தட்டிலையும் உடைச்ச தேங்காய், வெள்ளை வெளேரெண்டு. திருவலையை எடுத்துவைச்சு, வாழ்க்கையிலை முதல் தரம் தேங்காய் திருவினார். பாதி தேங்காய்ப்பூ நிலத்திலை, விரலிலை ஒரு கீறல். திருவினதைப் பிழிஞ்சு தலைப்பால் எடுத்து அரை ரின் பாலோடை கலந்தார். கண்ணாடித் தட்டம் ஜெரோசன் வீட்டோடை போயிட்டுது. சாமி அறையிலை பால் வைக்கிற சில்வர் ரம்ளர் ரெண்டை எடுத்தார், அதிலை மச்சம் பட்டிருக்க வழியில்லை. பிஸ்கற்றை நொறுக்கிப் போட்டு, பழத்தை வெட்டி, கறுக்காமல் தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டு, பாலை ஊத்தினார். இறுக்கிறதுக்கு ஒண்டும் போடேல்லை. இந்த முறை எது போட்டால் என்ன பாவம் வருமோ எண்டு பயம். பிறிஜ்ஜிலை ஒண்டரை மணித்தியாலம் கிடந்தது. எடுத்துப் பாத்தால் கஞ்சி. நல்ல வாசமான கஞ்சி, ஆனால் கஞ்சி.

கேதீஸ்வரனின்ரை அக்கா கமலாவதி ஆறு மணிக்கே பாறணைச் சோறும் அஞ்சு கறியும் கொண்டந்து வைச்சிட்டுத் தன்ரை வீட்டு வேலைக்கு ஓடிட்டா. ஆறேமுக்காலுக்கு உதயகலா காப்பு அவிட்ட கையோடை வந்து மேசையிலை இருந்தா. கேதீஸ்வரன் ரம்ளரைக் கொண்டுவந்து முன்னாலை வைச்சார். வீடியோவிலை கண்டதுக்கும் இதுக்கும் ஏழாம் பொருத்தம். 

உதயகலா ரம்ளரைப் பாத்தா. அவரைப் பாத்தா. பிறகு மடியிலை முடிஞ்சு வைச்சிருந்த திருநீறை எடுத்து நெத்தியிலை பூசி, கொஞ்சத்தை வாயிலை போட்டு, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தா.  கண்ணைத் திறக்காமலே ஒரு கரண்டி அள்ளி வாயிலை வைச்சு விழுங்கினா. சோத்துக்கு முதல், கறிக்கு முதல், ஆறு நாளுக்குப் பிறகு முதல் வாய் அதுதான்.

அவ கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினது கேதீஸ்வரனுக்குப் பொறுக்கேல்லை. சொல்லாமலே விடுறதெண்டுதான் நினைச்சிருந்தவர், எல்லாத்தையும் கொட்டிப்போட்டார். நேற்று வேறை ஒண்டு செய்ததையும், அதிலை ஜெலற்றின் போட்டதையும், அது என்ன சாமான் எண்டதையும், ஜெரோசன் வீட்டைக் கொண்டுபோய்க் குடுத்ததையும், பிறிஜ்ஜைத் துடைச்சதையும். இது புதிசு, இதிலை ஒரு குற்றமும் இல்லை, அதாலைதான் இறுகேல்லை எண்டும் சொன்னார்.

உதயகலா கரண்டியைக் கீழை வைச்சா.

"இது அது இல்லையோ?"

"எது?"

"தனுசியா நேற்றுக் கோயில் வீதியிலை நிக்கேக்கை போன் எடுத்துச் சொன்னவள். அப்பா ஆசையாய்ச் செய்து வைச்சிருக்கிறார், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அம்மா எண்டு அழுதாள்."

மனுசன் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார். அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டோ இப்ப வாயிலை வைச்சனீர் எண்டு கேட்டார். 

"விரதம் முருகனுக்கு. அது கோயிலிலை முடிஞ்சுது. பாறணை உங்களுக்கப்பா," எண்டா உதயகலா. "உங்கடை குளிசைக் கோதும் உந்தச் சாமான்தானாம், தனுசியா சொன்னாள். உங்களை உயிரோடை வைச்சிருக்கிறது என்னை என்ன செய்துபோடும்? அதுதான் ரெண்டாவது அர்ச்சனையைச் செய்தனான். நாளைக்கு ஒரு பிழை விடப்போறன், பொறுத்துக்கொள் எண்டு முன்கூட்டியே கேட்டிட்டு வந்தனான்."

கேதீஸ்வரனுக்கு அழுகை வந்தது. தை மாசம் கட்டிலிலை கிடக்கேக்கைகூட அழாத மனுசன், பாறணை நாள் காலமை மேசையிலை இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே, கீறல் விரலாலை மேசையிலை இருந்த ரெண்டு வெறும் தட்டையும் காட்டினார். அந்தத் தேங்காயிலைதான் பால் பிழிஞ்சு இதுக்குள்ளை விட்டது எண்டார்.

உதயகலா தட்டைப் பாத்தா, ரம்ளரைப் பாத்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. வயித்திலை ஒண்டுமில்லாத மனுசிக்கு அவ்வளவு சிரிப்பு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியேல்லை, சிரிச்சுச் சிரிச்சு அவவுக்கும் கண்ணாலை வழிஞ்சது.

"அப்ப முருகன் பொறுத்தது மட்டுமில்லை, தேங்காயையும் திருப்பித் தந்திருக்கிறார்," எண்டா. "மற்ற ரம்ளரையும் கொண்டாங்கோ."

கொண்டுவந்து குடுத்தார். அதை அவ கரண்டி இல்லாமலே குடிச்சா.